கண்ணு பத்தாது

ஆவுடை டீச்சரின் பட்டறையில் சேர ஒரே ஒரு விதிதான். நாமே யோசித்துச் செய்து, தோற்றுப்போன ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். படிப்பு, வயசு, ஊர் எதையும் கேட்க மாட்டார். "என்னத்தக் கெடுத்திய?" என்று மட்டும் கேட்பார்.

நான் கொண்டுபோனது ஒரு மழைக்கோட்டு. இருபது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். பால்காரர்களுக்கென்று மண்டையை உடைத்து ஒன்றைத் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினால் முழங்கையில் தண்ணீர் சேர்ந்து பலூன் மாதிரி தொங்கும். டீச்சர் அரைமணி நேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாக் கெடுத்திருக்கீய பேச்சி. உள்ள வாங்க."

அப்படித்தான் நான் சீடியானேன். சிரிக்க வேண்டாம், வேறு என்ன சொல்வது.

தாணுலிங்கம் அண்ணாச்சி வந்தது ஆவணி மாசம். கையில் உடைந்த செங்கல் ஒன்று. அதில் ஒரு மயிலின் கால் மட்டும் வரைந்திருந்தது.

"என்னத்தக் கெடுத்திய அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"ஒரு சுவரு."

"மிச்சம் எங்க?"

"ஓடையில கெடக்கு."

டீச்சருக்கு முப்பத்தேழு வயசு. அண்ணாச்சிக்கு ஐம்பத்துமூன்று. அதனால் குரு சீடனை அண்ணாச்சி என்பார், சீடன் குருவை டீச்சர் என்பார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார் என்று குழப்பமாகிவிடும். எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. வேறு குழப்பம் நிறைய இருந்தது.

அண்ணாச்சி சென்னையில் சினிமாவுக்கு செட் போடுகிறவர். முப்பது வருஷத்தில் அரண்மனை, சிறைச்சாலை, கோட்டை மதில் என்று நூறு சுவராவது எழுப்பியிருப்பார். எல்லாம் பிளைவுட்டும் துணியும். எதுவும் பத்து நாளைக்கு மேல் நிற்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவரை நம்பி அவருடைய சொந்த ஊரான முள்ளிநேரியில் ஒரு நிஜச் சுவர் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அவர் தங்கை வடிவுதான் தலைமையாசிரியை. பள்ளிக்கூட முற்றத்துக்குப் பின்னால் ஒரு ஓடை. பிள்ளைகள் அதில் போய் விழுந்துவிடக் கூடாதே என்று நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள். முதல் மழையிலேயே விழுந்தது. அடுத்ததை அண்ணாச்சி கட்டினார். முதல் சுவரைவிட உயரம், முழுக்க மயிலும் கிளியும் அகர வரிசையும். பார்க்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவும் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள்.

மேலேயிருந்து வந்து பார்த்த அதிகாரி நியாயமாகத்தான் சொன்னார். ஓடைக் கரையில் சுவர் இல்லாமல் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்த முடியாது. அடுத்த வருஷம் கார்த்திகைக்குள் நிற்கிற சுவர் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நாற்பத்தோரு பிள்ளைகளும் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றார். அதில் பாதிப் பேர் போக மாட்டார்கள், ஆட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள் என்று வடிவுக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்.

"டீச்சர், இந்தச் சுவர் நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார்.

"வரைஞ்சு கொண்டாங்க" என்றார் டீச்சர்.

பத்து நாள் உட்கார்ந்து வரைந்தார். அஸ்திவாரம் இரண்டு மடங்கு ஆழம். கனம் இரண்டு மடங்கு. படத்தைப் பார்த்தாலே ஒரு யானை முட்டினாலும் அசையாது என்று தோன்றும். டீச்சரின் முன்னால் விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டீச்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"கண்ணு பத்தாது, அண்ணாச்சி."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வாசலில் யாரோ மூன்று கால் ஸ்டூலோடு நின்றிருந்தார்கள்.

அண்ணாச்சி படத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பேச்சி, டீச்சர் சொன்னது வாஸ்தவம்தான். எப்படித்தான் கண்டுபிடிச்சாங்களோ. ஒரு வருஷமாவே எனக்குக் கிட்டத்துல உள்ளது தெரிய மாட்டேங்குது. ஊசியில நூலு கோக்க முடியல."

"அப்ப டாக்டர்ட்ட காட்டுங்க."

மறுநாள் பஸ் ஏறித் திருநெல்வேலி போனார். இரண்டு நாள் கழித்துக் கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடியோடு வந்து இறங்கினார். பழைய படத்தைத் தூரப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தார். கோடு ஒவ்வொன்றும் மயிரிழை. நானே அசந்துபோனேன்.

டீச்சர் முதலில் அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி முகத்துக்கு எடுப்பா இருக்கு. சுவத்துக்கு இன்னும் கண்ணு பத்தலையே."

"சுவத்துக்கா டீச்சர்?"

"பெறகு? உங்களுக்கா?"

அண்ணாச்சி திருதிருவென்று முழித்தார். நானும் முழித்தேன். சுவருக்கு எப்படிக் கண் பத்தாமல் போகும்? அன்று முழுக்க இரண்டு பேரும் அதையே பேசினோம். சாயங்காலம் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பிடிபட்டுட்டு பேச்சி. மயிலு."

மயில் தோகையில் கண் இருக்கிறதல்லவா. போன தடவை தோகைக்கு இருபது முப்பது கண்தான் வைத்திருந்தாராம், சோம்பேறித்தனம். இந்தத் தடவை உட்கார்ந்து ஒவ்வொரு தோகையாக நிரப்பினார். நான் எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்துக் கண். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். மயிலுக்குக் கண் கூடினால் சுவர் எப்படி நிற்கும்? கேட்கவில்லை. படைப்பாளிகளின் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

அண்ணாச்சியின் முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீய டீச்சர். மனுசன் ஒழுங்காத் தூங்கி நாலு நாளாச்சு."

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். மறுபடி படத்தைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

"எந்தக் கண்ணு டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"கண்ணோட வேல செய்யுதவங்க ஊருக்குள்ள நெறையப் பேரு இருக்காங்க. நாலு பேர்ட்ட கேட்டுட்டு வாங்க."

"நீங்க சொன்னா முடிஞ்சு போச்சே."

"நாலு பேர்ட்ட கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

இதெல்லாம் ஒரு பதிலா? ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்துவிட்டது. தலைக்கு மேல் மழை நிற்கிறது. நாற்பத்தோரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடுகதை போடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் அண்ணாச்சியைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஊர் மாறி இறங்கினாலும் இறங்குவார். கூடவே போனேன்.

கண்ணோடு வேலை செய்கிறவர் யார் என்று யோசித்து யோசித்து, கடைசியில் சந்தையில் தேங்காய் உரிக்கிறவரிடம் போய் நின்றோம். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவர் ஒரு தேங்காயின் குடுமியைப் பிய்த்துக் காட்டினார்.

"மூணு கண்ணு. ரெண்டு குருடு. ஒண்ணுதான் தொறக்கும்."

"சுவத்துக்கு?" என்றார் அண்ணாச்சி.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தார். அண்ணாச்சி நோட்டில், 'மூன்றில் இரண்டு குருடு' என்று எழுதிக்கொண்டார். எதற்கு எழுதினார் என்று அவருக்கும் தெரியாது.

பிறகு கடற்கரைக்குப் போனோம். லூர்தையா என்று ஒருத்தர், எனக்கு முன்பே பழக்கம், அவர் மகளுக்குக் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்து வைத்திருந்தார்.

"கண்ணப் பத்தித் தெரிஞ்சுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"எத்தன விரக்கட?"

"என்னது?"

"கண்ணு எத்தன விரக்கட, எத்தன விரல் அகலம்? ரெண்டா, மூணா, நாலா?"

"எது நல்லது?"

லூர்தையா ஊசியை நிறுத்தினார்.

"யோவ், கண்ணுல நல்லது கெட்டது கெடையாது. எது உள்ள நிக்கணும்? அதச் சொல்லும், நான் கண்ணச் சொல்லுதேன்."

"தண்ணி போகணும்னா?"

"தண்ணி எந்தக் கண்ணு வச்சாலும் போகும். தண்ணிக்குன்னு யாராவது கண்ணு வைப்பானா? நிக்க வேண்டியதுக்குத்தான் கண்ணு."

"நான் எதையும் பிடிக்கலையே. நான் சுவருல்லா கட்டுதேன்."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீரு?"

அண்ணாச்சி கடலைப் பார்த்தார். "தெரியல" என்றார்.

லூர்தையா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் நல்ல மனுஷர், இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

மூன்றாவது ஆளை நான்தான் சொன்னேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் அரைவை மில் இருக்கிறது. அங்கே செல்லக்கனி அக்காதான் எல்லாச் சல்லடைக்கும் பொறுப்பு. தலையில் துண்டு, முகமெல்லாம் தவிட்டுப் பவுடர். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவள், மிஷின் நின்ற பிறகும் கத்துவாள்.

"சல்லடைக்கு எந்தக் கண்ணு வேணும்? வட்டக் கண்ணா, நீட்டுக் கண்ணா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வட்டக் கண்ணுல துரும்பு வந்து குறுக்க உக்காந்துக்கிடும். ஒண்ணு உக்காந்தா அதுமேல நாலு. அடச்சிட்டுன்னா பெறகு அது சல்லட கெடையாது, தட்டு. பாரம் தாங்காம, தொங்கவிட்டிருக்க கொக்கியோட அத்துக்கிட்டு விழும். நீட்டுக் கண்ணுன்னா துரும்பு நிமிந்து வெளிய போயிரும்."

அண்ணாச்சி அதையும் எழுதினார். வெளியே வந்ததும் நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். மூன்றில் இரண்டு குருடு. எது உள்ளே நிற்க வேண்டும். வட்டம் வேண்டாம், நீட்டு.

"இத வச்சு என்ன செய்ய பேச்சி?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. நாலாவது ஆளு யாரு?"

அவருக்கு யாரும் தோன்றவில்லை. சரி, இடத்தையாவது இன்னொரு தடவை பார்ப்போம் என்று முள்ளிநேரிக்குப் போனோம்.

வடிவு எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அண்ணனின் புதுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். டீச்சர் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"கண்ணு பத்தாதுன்னா சொன்னாங்க? அண்ணே, அந்தச் சுவரு விழுந்ததே கண்ணு பட்டுத்தான். மயிலு அம்புட்டு அழகா இருந்துது. பஸ்ஸ நிறுத்திப் பாத்துட்டுப் போனாங்க. ஊரு கண்ணெல்லாம் அது மேலதான். இனிமே கண்ணே படாம ஒரு சுவரு கட்டித் தா, அது போதும்."

அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டார்.

"நாலு பேராச்சு" என்றார்.

எழுந்து முற்றத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பழைய அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு பேச்சி. ஒருத்தரு சொல்லுதது இன்னொருத்தரோட ஒட்ட மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு. ரெண்டாவது விழுந்தப்ப யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாவதும் விழுந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊருக்கு வர?"

ஐம்பத்துமூன்று வயசு ஆள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் விழுந்து கிடந்த சுவரைப் பார்த்தேன். தைக்கிறவளுக்குக் கிழிசலைப் பார்த்தால் எந்தப் பக்கமிருந்து இழுத்தது என்று பார்க்கத்தான் தோன்றும்.

"அண்ணாச்சி, இது ஓடைப் பக்கம்லா விழுந்துருக்கு."

"ஆமா."

"ஓடைத் தண்ணி தள்ளிருந்தா இந்தப் பக்கம்லா விழணும். அப்ப தள்ளுனது முத்தத்துல இருந்து."

அவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே வயல். வயலிலிருந்து முற்றம் தாழ்வு, முற்றத்திலிருந்து ஓடை தாழ்வு. மழை பெய்தால் வயல் தண்ணீர் பூராவும் முற்றம் வழியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும். அஸ்திவாரத்தின் உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு வண்டல் படிந்து காய்ந்திருந்தது. வைக்கோல், பிளாஸ்டிக் பை, பிய்ந்த செருப்பு எல்லாம் அதில் அப்பிக் கிடந்தன.

"தண்ணி வந்து நின்னுருக்கு" என்றார். "போறதுக்கு வழி இல்ல. நின்னு, நின்னு, தள்ளிருக்கு." காய்ந்த வண்டலைக் காலால் நெம்பினார். "செட்டுல நாங்க அம்பது அடிக்குத் துணி கட்டுவோம். காத்து வந்தா பாய் மாதிரி உப்பும். கம்பத்தோட சாய்ச்சிரும். அதுக்காகத் துணியில அங்கங்க பிளேடால பிறை மாதிரி கீறி விட்டுருவோம். காத்து அது வழியா வெளிய போயிரும், துணி நிக்கும்."

"அதுக்கு என்ன பேரு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"வாய்னு சொல்லுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓட்டைக்கு நீங்க வாய்ங்கீய. எங்க ஊசிக்கு உள்ளது காது. ரெண்டு பேருக்கும் கண்ணுன்னா எப்படிப் புரியும்?"

அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார். அந்த மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு எழுந்து ஒன்றாம் வகுப்புக்குள் போய், ஒரு பிள்ளையின் தலையைக் கையால் அளந்தார். வடிவு அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தாராம்.

ஒரே வாரத்தில் படம் தயார். சுவரின் அடியில் வரிசையாகத் திறப்புகள். ஒவ்வொன்றும் முழங்கை உயரம், நாலு விரல் அகலம். இரண்டு பக்கமும் செங்கல்லை இறுக்கிக் கட்டச் சொல்லிக் குறிப்பு. மயில் மட்டும் மேலே இருந்த இடத்திலேயே இருந்தது, கண்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஏன் நீட்டமா?"

"வட்டமா வச்சா வைக்கோல் அடச்சிரும் டீச்சர். மில்லுல ஒரு அக்கா சொன்னாங்க."

"ஏன் நாலு விரக்கட?"

"ஒண்ணாப்புப் பிள்ள தல நுழையக் கூடாதுல்லா. கடற்கரையில ஒருத்தர் கேட்டாரு, எது உள்ள நிக்கணும்னு."

டீச்சர் தன் நாலு விரலைச் சேர்த்துப் படத்தின் மேல் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். வழக்கமாக ஏதாவது கிண்டல் வரும். வரவில்லை.

"கட்டுங்க" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிடிக்கவில்லையோ என்று எனக்கு ஒரே குழப்பம். அண்ணாச்சிக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. முள்ளிநேரிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேலையில் இறங்கிப் புரட்டாசிக் கடைசியில் சுவரை எழுப்பிவிட்டார்கள்.

ஐப்பசி மூன்றாவது வாரம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. அண்ணாச்சி பட்டறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வடிவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. மூன்றாம் நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்ததும் நானும் அவரும் கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரிந்தது. சுவர் நின்றது.

அண்ணாச்சி ஓடினார். வயசையெல்லாம் மறந்து ஓடினார். போய் இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

வடிவு வந்தார். முகம் வெளிறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"அண்ணே, நேத்து மத்தியானம் சோத்து மணி அடிச்ச நேரம். வயத் தண்ணி மொத்தமா உள்ள வந்துட்டு, எனக்கு முழங்கால் அளவு. பிள்ளைங்களை ஒவ்வொண்ணா பெஞ்சுல ஏத்திட்டு இருந்தேன். ஒண்ணாப்பு அன்னம், அந்தச் சின்னது, வழுக்கி விழுந்துட்டு. தண்ணி அப்படியே இழுத்துட்டுப் போயிட்டு."

அண்ணாச்சியின் கை சுவரிலிருந்து இறங்கியது.

"சுவத்துல போயி ஒட்டிக்கிட்டு நின்னா. நான் போயித் தூக்கிட்டேன். ஒரு கீறல்கூட இல்ல. காலுச் செருப்பு ஒண்ணு மட்டும் அந்தத் தெறப்பு வழியா ஓடைக்குப் போயிட்டு." வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஓடை ரெண்டு ஆளு ஆழம் போச்சு அண்ணே."

அண்ணாச்சி சுவரடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரத்தில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

அடுத்த வாரம் அதிகாரி வந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், திறப்பில் காலை விட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடம் இங்கேயே நடக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி சென்னைக்குத் திரும்புவதற்கு முன்னால் டீச்சரிடம் சொல்லிக்கொள்ள வந்தார். டீச்சர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்னத்தின் கதையை முழுக்கக் கேட்டார். பூட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "மொத நாளு கண்ணு பத்தாதுன்னு சொன்னீயளே. அப்ப நீங்க எந்தக் கண்ண நெனச்சுச் சொன்னிய? வலைக் கண்ணா, சல்லடைக் கண்ணா?"

"அது ரெண்டும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"பெறகு?"

"எங்கய்யா குளத்து மடை பாத்தவரு. மடையில தண்ணி போற ஓட்டைக்குக் கண்ணுன்னு பேரு. ரெண்டு கண்ணு மடை, மூணு கண்ணு மடைம்பாங்க. நான் அதத்தான் சொன்னேன்."

"வேற ஒண்ணும் நெனைக்கலையா?"

"இல்ல."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது எம்புட்டுப் பெருசு இருக்கும் டீச்சர்?"

டீச்சர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல் நுனியோடு விரல் நுனி சேர்த்தார். நல்ல வட்டம். ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முழுசாக அதில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும்.

மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் அன்னைக்கு எந்தக் கண்ணுன்னு கேட்டேனே" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "ஏன் சொல்லாம விட்டிய?"

டீச்சர் கையை இறக்கவில்லை.

"சொல்லிருந்தா கேட்டிருப்பீயல்லா, அண்ணாச்சி."